புழுதி விதைப்புக்கு ஊறவைத்து உலர்த்திய விதை தாங்குமா? (மானூர்க் கரிசல், சோளம் – உளுந்து)

மானூர்க் கரிசல்
செப்டம்பர் 3, காலை 7:10

எல்லோருக்கும் வணக்கம். மானூருக்கு வடக்கே கரிசல் காடு எங்களுடையது. முழுக்க மானாவாரி. புரட்டாசியில் சோளமும் உளுந்தும் போடுவது வழக்கம். அப்பா காலத்திலிருந்தே மழைக்கு முன்னால் புழுதியில் விதைத்துவிட்டு வானத்தை நம்பியிருப்பதுதான் எங்கள் முறை. விதையை எதிலும் ஊறவைத்ததில்லை.

இந்த ஆண்டு எங்கள் வட்டாரத்தில் நடந்த கூட்டத்தில் விதையைக் கடினப்படுத்தி விதைக்கச் சொன்னார்கள். உளுந்தைத் துத்தநாக சல்பேட் கரைசலில் 3 மணி நேரமும், சோளத்தைப் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைசலில் 6 மணி நேரமும் ஊறவைத்து, நிழலில் உலர்த்திய பிறகு விதைக்க வேண்டுமாம். கையில் ஒரு தாளும் கொடுத்தார்கள். அளவெல்லாம் அதில் இருக்கிறது, காரணம் இல்லை. காரணம் தெரியாமல் எட்டு கிலோ விதையைத் தண்ணீரில் கொட்ட எனக்கு மனம் வரவில்லை.

கேட்க விரும்புவது இதுதான். ஒருமுறை நனைந்து காய்ந்த விதை, மழை வராமல் இரண்டு மூன்று வாரம் சூடான புழுதிக்குள் கிடந்தால் உயிரோடு இருக்குமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். சென்ற ஆண்டு எடுத்த சொந்த விதைதான் கைவசம் இருக்கிறது.


தாமிரபரணிக் கரை (அம்பாசமுத்திரம்)
செப்டம்பர் 3, காலை 9:25

தம்பி, நான் நன்செய்க்காரன். நதியுண்ணிக் கால்வாய்ப் பாசனம், கார், பிசானம் என்ற இரண்டு பருவத்திலும் நெல்தான். கரிசலைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி குறைவு. ஆனால் எந்த மண்ணுக்கும் பொதுவான ஒன்றைச் சொல்கிறேன். ஊறவைப்பதா வேண்டாமா என்பது இரண்டாவது கேள்வி. விதை விதையாக இருக்கிறதா என்பது முதல் கேள்வி.

காருக்கு நாங்கள் போடுவது எங்கள் ஊர் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986-இல் வெளியிட்ட அம்பை 16. சொந்த விதையாக இருந்தாலும், வாங்கிய விதையாக இருந்தாலும் உப்புக் கரைசலில் போட்டுப் பார்க்காமல் மூட்டம் (ஊறிய நெல்லை முளைகட்ட மூடி வைப்பது) போடுவதில்லை. பத்து லிட்டர் தண்ணீருக்கு ஒன்றரைக் கிலோ கல்லுப்பு. கரைந்ததும் ஒரு கோழிமுட்டையை விட வேண்டும். முட்டை மிதந்து, அதன் தலை பழைய நாலணாக் காசு அகலத்துக்கு மேலே தெரிந்தால் கரைசல் சரி. முழுகினால் இன்னும் கொஞ்சம் உப்பு. முட்டை அன்று இட்டதாக இருக்க வேண்டும். பழைய முட்டை வெறும் தண்ணீரிலேயே மிதக்கும், அதை நம்பினால் கரைசல் நீர்த்துப்போய் அரைப்பதர் எல்லாம் அடியில் தங்கிவிடும். பலர் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள்.

மிதப்பதை அரித்து மாட்டுக்கு வைத்துவிட்டு, அடியில் தங்கிய நெல்லை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி உப்பைப் போக்க வேண்டும். பிறகு சாக்கில் தளரக் கட்டிக் கால்வாய்த் தண்ணீரில் ஒரு நாள். ஓடும் தண்ணீர் என்றால் மாற்ற வேண்டியதில்லை, தொட்டித் தண்ணீர் என்றால் இடையில் மாற்றியாக வேண்டும், நின்ற தண்ணீரில் விதைக்கு மூச்சு முட்டும். எடுத்து வடித்து ஒரு நாள் மூட்டம். கார்ப் பருவத்து வெயிலில் மூட்டத்துக்குள் சூடு ஏறிவிடும், இரவில் ஒருமுறையாவது கையை உள்ளே விட்டுப் பார்த்துப் புரட்டி, தண்ணீர் தெளிக்க வேண்டும். முளை வெள்ளையாக எட்டிப் பார்த்ததும் நாற்றங்காலில் பாவிவிடலாம். வேர் நீள விட்டால் பாவும்போது ஒடியும்.

உளுந்தை இப்படி உப்பில் போடாதே. அது தண்ணீரைக் கண்டால் மடமடவென்று குடிக்கும். முறத்தில் புடைத்து, சல்லடையில் சலித்து, பொடிசை ஒதுக்கினால் போதும். பிறகு நூறு விதை எண்ணி நனைத்த சாக்கில் உருட்டி வைத்துப் பார். எத்தனை முளைக்கிறது என்று எழுதிவிட்டு இங்கே வா, மற்றதை மற்றவர்கள் சொல்வார்கள்.


காட்டுக்காரன் (கோவில்பட்டிப் பக்கம்)
செப்டம்பர் 3, பகல் 1:40

மானூர்த் தம்பிக்கு நேராகச் சொல்கிறேன். கரிசலில், மழைக்கு முந்திய விதைப்பில், ஊறவைத்த விதையைப் போடாதீர்கள்.

நம் பக்கம் புரட்டாசியில் முதலில் விழுவது பாதி நேரம் அரைகுறை மழை. மேல்மண் நனையும், மறுநாளே வெயில் வந்து உறிஞ்சிவிடும். பிறகு பத்து நாள் ஒன்றும் இருக்காது. ஊறாத விதை அந்தத் தூறலுக்கு அசையாமல் கிடக்கும். ஏற்கெனவே ஊறிய விதை பாதிப் பயணம் போய்விட்டது, சிறு ஈரம் கிடைத்தாலும் கிளம்பிவிடும். முளை விட்ட பிறகு ஈரம் அற்றுப்போனால் அத்தோடு சரி. திரும்பவும் விதை வாங்கி, திரும்பவும் ஏர் பூட்டி, பட்டமும் தவறிப்போகும். எங்கள் ஊரில் இப்படிக் காடு வெறுமையாகக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஈரம் நிச்சயமாக இருக்கும் தோட்டக்கால், நன்செய், குளத்துப் பாசனம் என்றால் ஊறவையுங்கள், நான் மறுக்கவில்லை. வானத்தை மட்டும் நம்பி இருப்பவனுக்கு மெதுவாக முளைக்கும் விதைதான் காவல். பெரியவர்கள் காய்ந்த விதையைப் போட்டது தெரியாமல் அல்ல.


விதைமாணவி (கிள்ளிகுளம்)
செப்டம்பர் 3, இரவு 8:55

வணக்கம். கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியில் விதை அறிவியல் படிக்கிறேன். கோவில்பட்டி அண்ணாச்சி சொன்ன அச்சத்தில் பாதி முழு உண்மை. மீதிப் பாதியில் இரண்டு வெவ்வேறு முறைகள் ஒன்றாகக் கலந்துவிட்டன. அதைப் பிரித்துச் சொல்லப் பார்க்கிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விதை நீர் குடிப்பது மூன்று கட்டமாக நடக்கும். முதல் கட்டத்தில் வேகமாக உறிஞ்சும். இதற்கு உயிர்கூடத் தேவையில்லை, செத்த விதையும் இந்த அளவுக்கு ஊதும். அதனால் "நன்றாக ஊறியது, விதை நல்லது" என்று முடிவு கட்டக்கூடாது. இரண்டாம் கட்டத்தில் வெளியே ஒன்றும் தெரியாது, நீர் ஏறுவது கிட்டத்தட்ட நின்றுவிடும். உள்ளே அப்போதுதான் பெரிய வேலை நடக்கிறது. சேமிப்பில் சிதைந்த மரபுப்பொருளும் செல் சவ்வுகளும் பழுதுபார்க்கப்படுகின்றன, மூச்சுவிடும் உறுப்புகள் விழிக்கின்றன, மாவையும் புரதத்தையும் உடைக்கும் நொதிகள் உருவாகின்றன. மூன்றாம் கட்டத்தில் முளைவேர் தோலைக் கிழித்து வெளியே வருகிறது.

இரண்டாம் கட்டம் முடிவதற்குள் விதையை எடுத்து உலர்த்தினால் அது தாங்கும், செய்து முடித்த பழுதுபார்ப்பும் வீணாவதில்லை. மறுபடி ஈரம் கிடைக்கும்போது முளைப்பு விரைவாகவும் ஒரே சீராகவும் இருக்கும். வேர் வெளியே வந்த பிறகு உலர்த்தினால் செத்துவிடும். தாளில் உளுந்துக்கு 3 மணி, சோளத்துக்கு 6 மணி என்று எல்லை கட்டியிருப்பது இதற்காகத்தான். "கூடக் கொஞ்சம் ஊறட்டும்" என்று இரவு முழுவதும் உளுந்தை விட்டுவைத்தால் நீங்கள் தயாரிப்பது விதை அல்ல.

இந்த அறிவு புதிதல்ல. 1973-இல் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஹெய்டெக்கரும் அவருடைய குழுவினரும் பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசலில் விதையை வைத்து, நீர் ஏறுவதை அளவோடு நிறுத்தி, முளைப்பை விரைவாக்கிக் காட்டினார்கள். தொண்ணூறுகளில் டேவிட் ஹாரிஸ் என்ற ஆய்வாளரும் உடன் இருந்தவர்களும் ராஜஸ்தான், குஜராத், மத்தியப் பிரதேச உழவர்களோடு சேர்ந்து மக்காச்சோளம், நெல், கொண்டைக்கடலை விதைகளை வெறும் தண்ணீரில் இரவு ஊறவைத்து, மேல் ஈரம் மட்டும் போக உலர்த்தி, விதைத்துப் பார்த்தார்கள். 1999-இல் அது ஆய்வுக்கட்டுரையாக வந்தது. ஒவ்வொரு பயிருக்கும் எத்தனை மணி நேரம் வரை ஊறினால் ஆபத்து இல்லை என்ற எல்லையையும் அவர்கள் வகுத்தார்கள்.

இப்போது அண்ணாச்சியின் கேள்விக்கு வருகிறேன். ஹாரிஸ் முறையில் விதைக்குள் ஈரம் இருக்கும்போதே நிலத்தில் போடுகிறார்கள். அது ஈர மண்ணுக்கான முறை. அந்த விதையைப் புழுதியில் போட்டால் நீங்கள் சொன்ன கேடு கட்டாயம் வரும். கடினப்படுத்துதல் என்பது வேறு. அதில் விதை பழைய ஈரப்பதத்துக்கே திரும்ப வேண்டும். உளுந்து என்றால் 8 அல்லது 9 சதவீதம். அந்த நிலைக்கு வந்த விதை சிறு தூறலுக்கு எழுந்துவிடாது. எழுவதற்கு மறுபடியும் முழு நீரும் ஏற வேண்டும்.

இதோடு ஆழமும் சேர வேண்டும். முன்பருவ விதைப்பில் விதையை 5 செ.மீ. ஆழத்தில் போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 20 மி.மீ.க்குக் குறைந்த மழையின் ஈரம் கரிசலில் அந்த ஆழத்துக்கு இறங்குவதில்லை. விதையைத் தூவிவிட்டு மேலோட்டமாக உழுதால் பாதி விதை ஒரு விரல்கடை ஆழத்தில்தான் நிற்கும். அதைத்தான் அரைமழை ஏமாற்றுகிறது. நீங்கள் பார்த்த வெறுங்காட்டில் விதை எந்த ஆழத்தில் கிடந்தது, ஊறவைத்தவர்கள் எந்த அளவுக்கு உலர்த்தினார்கள் என்று தெரிந்தால் நன்றாக இருக்கும்.

ஒரு குறையை மறைக்கக்கூடாது. கடினப்படுத்திய விதைக்குச் சேமிப்பு ஆயுள் குறைவு. மாதக்கணக்கில் மூட்டையில் வைப்பதற்கானது அல்ல. விதைக்கும் வாரத்தில்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டும்.


காட்டுக்காரன் (கோவில்பட்டிப் பக்கம்)
செப்டம்பர் 4, காலை 6:30

அம்மா, நன்றாக விளக்கினாய். ஆழம் பற்றிச் சொன்னது நியாயம். அந்தக் காட்டில் தூவித்தான் விதைத்தார்கள், விதைப்பான் வைக்கவில்லை. எப்படி உலர்த்தினார்கள் என்பது எனக்குத் தெரியாது.

ஆனாலும் எனக்கு ஒன்று உறுத்துகிறது. "பழைய ஈரப்பதம்" என்று கல்லூரியில் சொல்லிவிடலாம், அங்கே அளக்கக் கருவி இருக்கிறது. காட்டில் இருப்பவன் எதை வைத்து அளப்பான்? வெளியே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும் விதையைக் காய்ந்தது என்று நம்பிப் போட்டால் நான் சொன்னதுதானே நடக்கும்?


மானூர்க் கரிசல்
செப்டம்பர் 4, காலை 7:05

அதேதான் என் கேள்வியும். நிழலில் எத்தனை மணி நேரம் உலர்த்துவது? தாளில் "நன்கு உலர்த்தவும்" என்று மட்டும் இருக்கிறது.


கன்னடியன் கால் (சேரன்மகாதேவி)
செப்டம்பர் 4, பகல் 11:20

மணிக்கணக்கு வேண்டாம் தம்பி, தராசு போதும். கருவியும் அதுதான், காவலும் அதுதான்.

பிசான நெல் அறுத்த வயலில் தை, மாசியில் உளுந்து போடுகிறோம். விதையை நானும் மாமியாரும்தான் தயார் செய்வோம். 8 கிலோ விதையை எடை போட்டு எழுதி வைத்துவிடுவேன். கிலோவுக்கு 350 மில்லி கரைசல் கணக்கில் 2 லிட்டர் 800 மில்லி. துத்தநாக சல்பேட் பத்து லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம்தான், அதற்கு மேல் வேண்டாம். நகைக்கடைத் தராசு வைத்திருப்பவர்களிடம் அந்த ஒரு கிராமை நிறுத்து வாங்கிக்கொள்ளலாம். விதையை அகலமான பாத்திரத்தில் பரப்பி, கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துக் கையால் பிசிறிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே நேரத்தில் ஊற்றினால் கீழே கிடப்பது மூழ்கிப்போகும், மேலே கிடப்பதற்கு ஒன்றும் கிடைக்காது.

அருகில் உட்கார்ந்து பார்த்தால் விதையே சொல்லும். முதலில் தோல் மட்டும் ஊறிச் சுருக்கம் விழுந்து பருப்பை விட்டு எழும்பும். அப்போது உள்ளே பருப்பு இன்னும் காய்ந்துதான் இருக்கும். பிறகு பருப்பு பருத்துச் சுருக்கத்தை நிரப்பும், விதை வழவழப்பாகி வெள்ளைக் கண் பளிச்சென்று தெரியும். சில விதைகள் கடைசிவரை குண்டுமணியாக அப்படியே கிடக்கும், அவை கல் விதை. சிலவற்றின் தோல் பிளந்து பருப்பு இரண்டாகத் தெரியும், அவற்றைப் பொறுக்கி எறிந்துவிடுவேன். அது ஊறியதால் வந்த கேடு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் களத்தில் வந்த கேடு. உளுந்துச் செடியைத் தார்ச் சாலையில் பரப்பி வண்டிச் சக்கரம் ஏற விடுகிறோம் அல்லவா, அப்போதே மயிரிழை வெடிப்பு விழுந்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த வெடிப்பைத் தண்ணீர் காட்டிக்கொடுக்கிறது. விதைக்கென்று எடுக்கும் உளுந்தைத் தனியாகக் கம்பால் அடித்து எடுங்கள், இதைப் பெரிய எழுத்தில் எழுதலாம்.

மூன்று மணி நேரம் கழிந்ததும் சாக்கின் மேல் ஒற்றை விதைக் கனத்தில் பரப்பி, காற்றோட்டமான திண்ணையில் நிழல் உலர்த்தல். அடிக்கடி துழாவிவிட வேண்டும். எட்டு கிலோ பத்தே முக்காலுக்கு மேல் போயிருக்கும். அது திரும்பவும் எட்டு கிலோவுக்கு வரும்வரை அது விதைக்குத் தயாரில்லை. ஒன்பது கிலோவில் நின்றால் ஒரு கிலோ தண்ணீர் உள்ளே இருக்கிறது என்று பொருள். பொறுக்கி எறிந்த விதையையும் சேர்த்தே நிறுக்க வேண்டும், இல்லையென்றால் கணக்கு ஏமாற்றும். கோவில்பட்டி அண்ணாச்சி கேட்ட கேள்விக்கு இதுதான் பதில் என்று நினைக்கிறேன்.

ஈரப்பசை மிகுந்த நாளில் இந்த வேலையில் இறங்கவே கூடாது. வெயிலில் போட்டு அவசரப்படுத்தினால் தோல் வெடிக்கும்.


விதைமாணவி (கிள்ளிகுளம்)
செப்டம்பர் 4, மாலை 5:45

அக்கா சொன்ன 350 மில்லிக்குப் பின்னால் இருக்கும் காரணத்தையும் சேர்த்துவிடுகிறேன். பயறு விதைக்குள் நீர் மிக வேகமாகப் பாய்ந்தால் உலர்ந்த செல் சவ்வுகள் ஒழுங்காக விரிவதற்குள் கிழிந்து, உள்ளிருக்கும் சர்க்கரையும் உப்புகளும் வெளியே கசிந்துவிடும். ஊறவைத்த தண்ணீர் கலங்கிக் கொழகொழப்பாக இருப்பது அந்தக் கசிவுதான். விதை வீரியம் இழப்பதோடு, மண்ணில் அந்தச் சர்க்கரையைத் தேடிப் பூஞ்சையும் வந்து சேரும். எனவே பயறுக்கு அளவோடு தண்ணீர். சோளத்துக்கு விதைக்குச் சம அளவு கரைசல் வைக்கலாம்.

சோளத்துக்கான அந்த உப்பை வேதிப்பொருள் கடையில் தேட வேண்டாம். உரக்கடையில் 0:52:34 என்ற எண்ணோடு நீரில் கரையும் உரமாக விற்பது அதுவேதான். லிட்டருக்கு 20 கிராம்.

அப்புறம், முளைப்புத்திறனும் வீரியமும் ஒன்றல்ல. சான்று விதைக்கு உளுந்தில் 75 சதவீதம், நெல்லில் 80 சதவீதம் முளைப்பு இருந்தால் போதும். அது ஈரமும் வெப்பமும் வசதியாக இருக்கும் ஆய்வகத்தில் எடுக்கும் கணக்கு. மானாவாரிக் காட்டில் அந்த வசதி கிடையாது. சாக்கில் உருட்டிய நூறு உளுந்தை ஏழாம் நாளில் மட்டும் எண்ணாதீர்கள், நாலாம் நாளும் எண்ணுங்கள். நாலாம் நாளிலேயே எழுபது, எண்பது எழுந்துவிட்டால் அந்த விதைக்கு வீரியம் இருக்கிறது. ஏழாம் நாளில்தான் தட்டுத் தடுமாறி எண்பதைத் தொடுகிறது என்றால் அந்த விதைக்கு நேர்த்தி (இப்படி ஊறவைத்து உலர்த்துவது) மிகவும் பயன்படும். ஐம்பதுக்குக் கீழே என்றால் எந்தக் கரைசலும் காப்பாற்றாது, வேறு விதை பாருங்கள். திருநெல்வேலி விதைப் பரிசோதனை நிலையத்திலும் கொடுத்துப் பார்க்கலாம்.


வேம்பும் புங்கும் (ஆலங்குளம்)
செப்டம்பர் 4, இரவு 9:10

எல்லோரும் உப்பு, சல்பேட் என்றே பேசுகிறீர்கள். நான் பல ஆண்டுகளாகப் பீஜாமிர்தம் மட்டுமே பயன்படுத்துகிறேன். 20 லிட்டர் தண்ணீர், 5 கிலோ நாட்டுமாட்டுச் சாணம், 5 லிட்டர் கோமியம், 50 கிராம் சுண்ணாம்பு, வரப்பிலிருந்து ஒரு கைப்பிடி மண். ஒரு நாள் வைத்திருந்து விதையில் பிசிறி நிழலில் உலர்த்தி விதைக்கிறேன். கத்தரி, வெண்டை, உளுந்து எல்லாவற்றுக்கும் இதுதான். நாற்றழுகல் குறைந்திருப்பதைக் கண்ணால் பார்க்கிறேன். பஞ்சகவ்யம் என்றால் 3 சதவீதக் கரைசலில் 20 நிமிடம். காசு கொடுத்து வாங்கும் உப்பு எதற்கு?


விதைமாணவி (கிள்ளிகுளம்)
செப்டம்பர் 4, இரவு 10:30

அண்ணா, இவை ஒன்றுக்கு ஒன்று மாற்று அல்ல. பீஜாமிர்தம் விதையின் மேல் பூச்சு. அதிலுள்ள நுண்ணுயிர்கள் விதையைச் சுற்றி இடம்பிடித்து நோய்ப்பூஞ்சையைத் தள்ளிவைக்கும். ஊறவைத்து உலர்த்துவது விதைக்குள் நடக்கும் வேலை. இரண்டும் வேண்டுமென்றால் முதலில் ஊறவைத்து உலர்த்திவிட்டு, விதைக்கும் நாளில் பூச்சைக் கொடுக்கலாம்.

உப்பு கட்டாயமா என்றால், இல்லை. பலனில் பெரும்பங்கு தண்ணீருக்கும் நேரத்துக்கும் உலர்த்தலுக்கும்தான். துத்தநாகமும் பாஸ்பேட்டும் அதற்கு மேல் கிடைக்கும் கூடுதல் உதவி. நம் மண்ணில் துத்தநாகக் குறை பரவலாக இருப்பதால் அது சேர்வது நல்லது என்பது என் எண்ணம்.

ரைசோபியம் (பயறு வேரில் தழைச்சத்தைச் சேர்க்கும் பாக்டீரியா) பற்றி யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்ல வேண்டும். ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து உளுந்தில் தடவி, நிழலில் அரைமணி உலர்த்தி, 24 மணி நேரத்துக்குள் விதைக்க வேண்டியது அது. பூஞ்சைக்கொல்லி தூள் கலப்பதானால் அதை ஒரு நாள் முன்னதாகவே முடித்துவிட வேண்டும், இரண்டையும் ஒன்றாகக் குழைத்தால் பாக்டீரியா செத்துப்போகும். நோயைத் தடுக்கும் நுண்ணுயிர்களான டிரைக்கோடெர்மா (கிலோவுக்கு 4 கிராம்), சூடோமோனாஸ் (கிலோவுக்கு 10 கிராம்) விஷயத்திலும் அதே எச்சரிக்கை. புழுதி விதைப்பில் ரைசோபியம் தடவிய விதையைப் போட்டால் சூடான காய்ந்த மண்ணில் நாளுக்கு நாள் அதன் எண்ணிக்கை சரிந்துகொண்டே வரும். மழை வரும்போது எவ்வளவு மிஞ்சும் என்று சொல்ல முடியாது. மானூர் அண்ணா உளுந்தைப் புழுதியில் போடுவதை மறுபரிசீலனை செய்ய இதுவும் ஒரு காரணம்.


தேரிக்காடு (ராதாபுரம்)
செப்டம்பர் 5, காலை 8:00

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். எங்கள் பக்கம் நிலவாகை போடுகிறோம், சென்னா என்று ஏற்றுமதிக்கு வாங்குகிறார்களே அது. அதன் விதைத்தோல் இரும்பு மாதிரி. தண்ணீரில் எவ்வளவு நேரம் போட்டாலும் பாதிக்கு மேல் ஊறவே ஊறாது. பருமணலோடு சேர்த்து உரலில் மெதுவாக இடித்து, தோலில் கீறல் விழுந்த பிறகு ஒரு இரவு ஊறவைத்தால்தான் ஒன்றாக முளைக்கிறது. பலமாக இடித்தால் பருப்பு உடையும். மேலே அக்கா சொன்ன கல் விதையும் இதே வகைதானா?


விதைமாணவி (கிள்ளிகுளம்)
செப்டம்பர் 5, காலை 8:40

அதே வகைதான். தோல் நீரை விடுவதில்லை, உள்ளே கரு நலமாக இருக்கிறது. உளுந்தில் அவை சில மட்டுமே என்பதால் விட்டுவிடலாம்.


புதுநாற்று (முக்கூடல்)
செப்டம்பர் 5, காலை 10:15

நெல் பற்றி ஒரு கேள்வி. கார் அறுத்த நெல்லையே விதையாக எடுத்துப் பிசானத்துக்குப் பாவலாம் என்று இருக்கிறோம். சாக்கில் வைத்துப் பார்த்தால் நாற்பது சதவீதம்கூட முளைக்கவில்லை. அறுத்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, நெல் நன்றாகத்தான் இருக்கிறது. விதை செத்துவிட்டதா?


தாமிரபரணிக் கரை (அம்பாசமுத்திரம்)
செப்டம்பர் 5, பகல் 12:30

செத்திருக்காது, உறங்குகிறது. புது நெல்லில் இது இயல்பு, இரகத்துக்கு இரகம் நாள் கூடும் குறையும். நன்றாகக் காயவைத்து இன்னும் சில வாரம் கிடக்கவிட்டால் தானாகத் தெளியும். அவ்வளவு பொறுக்க முடியாது என்றால் பொட்டாசியம் நைட்ரேட் லிட்டருக்கு 5 கிராம் கரைத்து 16 மணி நேரம் ஊறவைத்து, அலசி மூட்டம் போட்டுப் பாருங்கள். முதலில் ஒரு கைப்பிடியில் செய்து பார்த்துவிட்டு, பிறகு மொத்தத்தையும் நனையுங்கள்.


காட்டுக்காரன் (கோவில்பட்டிப் பக்கம்)
செப்டம்பர் 5, மாலை 6:20

சேரன்மகாதேவித் தங்கச்சி சொன்ன தராசுக் கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். எடைக்கு எடை திரும்பிய விதை காய்ந்த விதைதான், அதில் வாதம் இல்லை.

இரண்டு விஷயத்தில் மட்டும் என் பேச்சில் நிற்கிறேன். ஒன்று, உளுந்தைப் புழுதியில் போட வேண்டாம். சோளம் தாங்கும், பருத்தி தாங்கும். உளுந்து தாங்காது, தோல் மெலிது, சூட்டில் கெட்டுப்போகும். சோளத்தை மழைக்கு இரண்டு வாரம் முன்னால் புழுதியில் போடுங்கள். உளுந்தை, உழவுமழை ஒன்று பெய்து மண் பதமான அன்று போடுங்கள். அந்த இடத்தில்தான் உங்கள் ஊறிய விதைக்கு வேலை. ஈரம் கரிசலின் மேல்பரப்பில் நிற்கும் அந்த நாலைந்து நாளைக்குள் விதை எழுந்து வேரைக் கீழே இறக்கிவிட வேண்டும். அங்கே ஒரு நாள் முந்தினாலும் லாபம்தான் என்பதை நானே ஒத்துக்கொள்வேன்.

இரண்டு, எல்லா விதையையும் ஒரே நாளில் நனைத்துவிடாதீர்கள். பாதி நேர்த்தி செய்தது, பாதி செய்யாதது. நாலு சால் இது, நாலு சால் அது என்று அடையாளக் கம்பு நட்டுப் போடுங்கள். மழை எப்படிப் பெய்தாலும் ஒன்று நிற்கும். உங்கள் காட்டில் எது நின்றது என்பதை உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடலாம், என் பேச்சையும் நம்ப வேண்டாம், தாளையும் நம்ப வேண்டாம்.

விதைப்பானின் கொழு ஐந்து செ.மீ. இறங்குகிறதா என்று முதல் சாலிலேயே மண்ணைக் கிளறிப் பாருங்கள்.


கன்னடியன் கால் (சேரன்மகாதேவி)
செப்டம்பர் 5, இரவு 7:15

அண்ணாச்சி சொன்ன பாதிக்குப் பாதி நல்ல யோசனை. நேர்த்தி செய்யாத பாதியைத் தகர டப்பாவில் இறுக்கி மூடி வையுங்கள். விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும் என்று பயிற்சியில் சொன்னார்கள். நம் ஊர் வெக்கையில் அது பெரிய விஷயம். மழை தள்ளிப்போனால் அந்தப் பாதியை அப்போது புதிதாக ஊறவைத்துக்கொள்ளலாம்.


மானூர்க் கரிசல்
செப்டம்பர் 8, காலை 7:30

எல்லோருக்கும் நன்றி. நேற்றுவரை எண்ணியதை எழுதுகிறேன். சாக்கில் உருட்டிய நூறு உளுந்தில் நாலாம் நாள் 58 முளைத்திருக்கிறது. ஏழாம் நாள் கணக்கு இன்னும் வரவில்லை. சோளத்தில் நாலாம் நாளிலேயே 81. வண்டி ஏற்றி அடித்த உளுந்துதான் எங்களுடையதும், அக்கா எழுதியதைப் படித்துவிட்டு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன், வெடிப்பு தெரிகிறது.

சோளத்தை எடைக்கு எடை உலர்த்தி, பாதிக் காட்டில் நேர்த்தி செய்தும் பாதிக் காட்டில் செய்யாமலும், விதைப்பான் வைத்துப் புழுதியில் போடப்போகிறோம். அப்பா நான்கு சாலுக்கு ஒரு கம்பு நடச் சம்மதித்துவிட்டார். உளுந்து ஈரத்துக்குக் காத்திருக்கும். ஏழாம் நாள் 70-ஐத் தாண்டாவிட்டால் சான்று விதை வாங்கிவிடுவேன்.

கடைசியாக ஒன்று. பூஞ்சைக்கொல்லித் தூள் கலந்த விதை மிஞ்சினால் என்ன செய்வது? வீட்டில் கோழிகள் இருக்கின்றன.


விதைமாணவி (கிள்ளிகுளம்)
செப்டம்பர் 8, காலை 9:05

மருந்து கலந்த விதையைக் கோழிக்கும் மாட்டுக்கும் போடக்கூடாது, எவ்வளவு கழுவினாலும் வீட்டுச் சமையலுக்கும் ஆகாது. மிஞ்சியதைக் காட்டிலேயே வரப்பு ஓரமாக ஆழமாகப் புதைத்துவிடுங்கள், கிணற்றுக்கும் ஓடைக்கும் தள்ளி. கலந்த பாத்திரத்தையும் அதற்கென்றே ஒதுக்கிவையுங்கள். தேவைக்கு மட்டும் அன்றன்று கலந்தால் மிஞ்சாது. வெறும் தண்ணீரிலோ துத்தநாகக் கரைசலிலோ ஊறிய விதை மிஞ்சினால், மருந்து நிறம் ஏற்றாத விதையாக இருக்கும் பட்சத்தில், காயவைத்துக் கோழிக்குப் போடலாம்.

ஏழாம் நாள் எண்ணிக்கையை இங்கேயே எழுதுங்கள், அண்ணா. முளைத்தவற்றில் வேர் வளைந்தது, இலை கிழிந்தது எத்தனை என்று தனியாக எண்ணிச் சொல்லுங்கள். சக்கரம் ஏறிய விதை முளைத்தாலும் அப்படித்தான் முளைக்கும், அவற்றை நல்ல முளையாகக் கணக்கில் சேர்க்கக்கூடாது.